செயலாளர் கரை

தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? வரவில்லையா? பரவாயில்லை, விடுங்கள். இந்த வண்டிகளில் திறந்த ஜன்னல் சாத்தாது, சாத்திய ஜன்னல் திறக்காது. நான் துண்டைக் காதோடு சுற்றிக்கொள்கிறேன். தொண்டை முக்கியம். நாளைக்குச் சென்னையில் பேச வேண்டும்.

என்னைத் தெரியவில்லையா உங்களுக்கு? வெளியூராக இருக்கும். எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கலைத்தொண்டர் தெய்வசிகாமணி. வட்டாரக் கலைக்குழுக்கள் கூட்டமைப்பின் செயலாளர். கூட்டமைப்பு தொடங்கிய நாளிலிருந்து நான்தான் செயலாளர். தேர்தல் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வைக்கலாம். அதற்குச் செயலாளர்தான் கூட்டம் கூட்ட வேண்டும். எனக்கு எங்கே நேரம்?

சிரிக்கிறீர்கள். நான் மேடைத் தமிழில் பேசுகிறேன் என்றுதானே? பழகிவிட்டது தம்பி. வீட்டிலும் இப்படித்தான். குழம்பில் உப்பு மிகுந்துள்ளது என்று சொன்னால், "யார் தலைமையில?" என்று கேட்கிறாள் என் மனைவி.

பிழைப்புக்கு ஒலி ஒளி அமைப்பு நிலையம் வைத்திருக்கிறேன். மைக் செட், சீரியல் பல்பு, ஜெனரேட்டர். மற்ற நேரம் முழுவதும் கலை. கலை, கலை, கலை. அப்படிப்பட்ட எனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பதவி, வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. கெடுத்தது யார் தெரியுமா? துரியோதனன். மண் துரியோதனன். சொன்னால் நம்பமாட்டீர்கள். சொல்கிறேன், கேளுங்கள். வண்டி காஞ்சிபுரம் போக எப்படியும் நேரமாகும்.

சென்னையில் ஓர் அறக்கட்டளை. பெயர் வேண்டாம், நாளைக்கு அவர்கள் மேடையில்தான் பேசப்போகிறேன். பூமி சூடாகிறது, மழை தப்புகிறது, இதை மக்களுக்குக் கலைஞர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம். எங்களைப் போன்ற செயலாளர்களை எல்லாம் கூப்பிட்டு முகாம் நடத்தினார்கள். பூமி சூடாவது பற்றித்தான் பேச்சு. ஆனால் அந்த அரங்கத்தில் அப்படி ஒரு குளிர். எனக்குப் போர்த்திய பொன்னாடையை முகாம் முடிகிற வரைக்கும் நான் எடுக்கவேயில்லை. பாலைவனம் பெருகுவதைப் பற்றிப் பேச வந்த பேராசிரியர் தும்மித் தும்மிப் பாதியில் இறங்கிவிட்டார்.

முகாம் முடிவில் சொன்னார்கள். ஒரு வட்டாரத்துக் கலைக்குழுக்கள் எல்லாம் சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றுசேர்ந்து, சுற்றுச்சூழலுக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். வைகாசியில் பார்வையாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். யாருடைய ஏற்பாடு சிறப்பாக இருக்கிறதோ அவருக்கு மண்டல ஒருங்கிணைப்பாளர் பதவி. ஐந்து மாவட்டம். தனி அறை. வாசலில் பெயர்ப்பலகை. மின்சாரக் கார். தம்பி, அந்தப் பெயர்ப்பலகையை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். எழுத்து வடிவம்கூட முடிவு செய்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் ஒரே மூச்சில் நாடகம் எழுதினேன். 'கரியாசுர வதம்.' வாகனப் புகை, ஆலைப் புகை, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து ஓர் அசுரன். அவன் மேடைக்கு வந்து, நான் யார், எப்படிப் பிறந்தேன், வளிமண்டலத்தில் என் விழுக்காடு எவ்வளவு என்று செய்யுளில் சொல்வான். கடைசியில் பூமித்தாய் அவனை வதம் செய்வாள். நடுவில் செயலாளர் ஒருவர் வந்து விளக்கவுரை ஆற்றுவார்.

இதற்கு மூன்று குழுக்களைப் பிடித்தேன். அத்திமேட்டுக் கூத்துக் குழு, அதற்குக் கன்னியப்பன் வாத்தியார். புலிவாய்த்தாங்கல் கூத்துக் குழு, அதற்கு ராஜவேலு வாத்தியார். கூத்து சொல்லித் தருபவரை எங்கள் பக்கம் வாத்தியார் என்போம். மூன்றாவது, அஞ்சலாட்சி நடத்துகிற பெரிய மேளம். அந்தம்மா மேளத்தைத் தொட்டால் செத்த மாடு எழுந்து நிற்கும். வாயைத் திறந்தால் நின்ற மாடு ஓடிப்போகும்.

இதில் ஒரு சிக்கல். அத்திமேடும் புலிவாய்த்தாங்கலும் பேசிக்கொள்ளாது. ஏன் என்று கேளுங்கள். ஒரு தொடை.

உங்களுக்குப் படுகளம் தெரியுமா? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் துரியோதனன் சாக வேண்டும். அதற்கு ஊர்வெளியில் துரியோதனனை மண்ணாலேயே மல்லாந்து படுத்த மாதிரி செய்து வைப்பார்கள். தென்னைமரம் நீளம் இருப்பான். மார்பு வீட்டுத் திண்ணை உயரம் இருக்கும். கூத்தில் பீமன் வேஷம் கட்டியவனும் துரியோதனன் வேஷம் கட்டியவனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடுவார்கள், மேலே ஏறி மிதிப்பார்கள். பிறகு பீமன் கதையால் தொடையில் ஒரு போடு போடுவான். தொடைக்குள்ளே சிவப்புத் தண்ணீர்ப் பானை புதைத்திருக்கும். அது உடைந்தால் ரத்தம். அந்த ரத்தத்தைத் தொட்டுத்தான் திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். அதற்கப்புறம் ஊர் ஜனம் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் வயலில் போடும்.

ஒரு வருஷம் புலிவாய்த்தாங்கல் படுகளத்தில் பீமன் வேஷக்காரனுக்குக் காய்ச்சல். சரி, அத்திமேட்டிலிருந்து பீமனைக் கூப்பிடுவோம் என்று கூப்பிட்டார்கள். அத்திமேட்டில் துரியோதனனின் தலை கிழக்கே. புலிவாயில் தலை மேற்கே. வந்த பீமன் எப்போதும் நிற்கிற பக்கமே போய் நின்று, ஓங்கி ஒரு போடு போட்டான். தவறான தொடை. பானை அடுத்த தொடையில் இருக்கிறது. வெறும் மண் பறந்தது. திரௌபதி வேஷக்காரர் தலையை விரித்துக்கொண்டு குனிந்து தேடுகிறார், ரத்தம் எங்கேயும் இல்லை. "தொடைய மாத்துடா!" என்று கூட்டம் கத்துகிறது. ஒரு தரம் செத்தவனை இன்னொரு தரம் எப்படி அடிப்பது? துரியோதனன் வேஷக்காரர் கீழே விழுந்து செத்துவிட்டார். கண்ணைத் திறந்து, "சீக்கிரம் அடிங்கடா, எறும்பு கடிக்குது" என்கிறார்.

அன்றோடு இரண்டு ஊருக்கும் பேச்சு முறிந்தது. அத்திமேட்டுக்காரன் சந்தைக்கு வந்து, செருப்புக் கடையில் காலை நீட்டினால்கூடப் புலிவாய்க்காரன் விடமாட்டான். "எந்தக் கால்னு நல்லா கேட்டுக்க அண்ணே" என்பான்.

அப்படிப்பட்ட இரண்டு ஊரையும் நான் ஒரே ஒத்திகைக்கு வரவழைத்தேன். என் செல்வாக்கு. ஆனால் முதல் நாளே தகராறு. கன்னியப்பன் வாத்தியார் என் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு,

"சார், இந்தக் கரியாசுரனுக்கு வரம் குடுத்தது யாரு?" என்றார்.

"யாரும் தரவில்லை. இவன் அறிவியல் அசுரன்."

"வரம் வாங்காத அசுரன் எப்படி சார் ஆடுவான்? எந்தச் சாமியாவது தெரியாத்தனமா வரம் குடுத்துட்டு முழிக்கணும். அப்பத்தானே கதை?"

ராஜவேலு வாத்தியார் அவரோடு பேசமாட்டார். அதனால் சுவரைப் பார்த்துச் சொன்னார். "வாஸ்தவம்தான். வரம் இல்லாத அசுரனுக்கு நம்ம பசங்க யாரும் வேஷம் கட்டமாட்டான்."

அப்போது டில்லிபாபு எழுந்தான். அவன் அத்திமேட்டுக் குழுவில் கட்டியங்காரன். கூத்தில் கோமாளி வேஷம். ராஜா வருவதை அறிவிப்பான், அந்த ராஜாவையே கிண்டலும் செய்வான். "வாத்தியாரே, வரம் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான். "நம்ம செயலாளர்தான். டீசல் ஊத்தி, கயிறு இழுத்து, வாடகைக்கு வரம் குடுக்கறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சி மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தொடைக்கு அப்புறம் இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அதில் என்ன பெருமை? என் ஜெனரேட்டர் பசுமை ஜெனரேட்டர். பச்சை பெயின்ட் அடித்தது.

சரி, இவர்களைச் சட்டதிட்டத்தால்தான் அடக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். எந்தக் குழு கடையில் வாங்காத இயற்கைப் பொருளை அதிகமாகப் பயன்படுத்துகிறதோ அந்தக் குழுவுக்கு அதிக மதிப்பெண். ஜெயிக்கிற ஊர் வாத்தியாருக்குப் பார்வையாளர்கள் முன்னால் முதல் மாலை. சொல்லும்போதே விளக்கமாகச் சொன்னேன்: அசுரனுக்கு மாவிலைக் கிரீடம், பூமித்தாய்க்கு வாழைநார் மாலை, இப்படி அலங்காரமாக. கூடவே, மேடைக்கு முன்னால் கரியாசுரனை மண்ணில் சிறியதாகச் செய்து வையுங்கள், பார்க்க அழகாக இருக்கும் என்றேன்.

அந்த வார்த்தைதான் என்னைக் குழியில் தள்ளியது.

"மண்ணுக்கும் மார்க் உண்டா சார்?" என்றார் ராஜவேலு, சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

"உண்டு."

"எவ்ளோ மண்ணோ அவ்ளோ மார்க்கா?" என்றார் கன்னியப்பன்.

"ஆமாம்."

இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். ஒத்திகை பாதியில் நிற்கிறது. அஞ்சலாட்சி என்னைப் பார்த்து, "தொலஞ்ச சார் நீ" என்றாள்.

படுகள மண்ணுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது தம்பி. கண்ட இடத்து மண்ணை எடுக்கக்கூடாது. ஊர் ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாய் வண்டலைத்தான் எடுக்க வேண்டும். வேறு மண்ணில் செய்தால் துரியோதனனுக்கு வெயிலில் வயிறு வெடித்துவிடுமாம். அத்திமேட்டுக்கும் புலிவாய்க்கும் நடுவில் ஒரே ஏரி. ஏரி என்று பெயர். எனக்குத் தெரிந்து அதில் கிரிக்கெட்தான் நடந்தது. ஆற்றிலிருந்து வருகிற கால்வாய் முழுவதும் வண்டல், வண்டல் மேல் சீமைக்கருவேல முள். அத்திமேட்டுக்காரன், "அவங்க பாதிய அவங்க வெட்டட்டும், அப்புறம் நாங்க வெட்றோம்" என்பான். புலிவாய்க்காரனும் அதையே சொல்வான். ஏரிக்கரையிலும் நடுவில் ஓர் உடைப்பு. பழைய வெள்ளத்தில் போனது. அதை அடைக்கவும் இதே பதில்தான்.

இப்போது பாருங்கள், இரண்டு ஊரும் கால்வாயில் இறங்கிவிட்டது. அத்திமேட்டுக்காரன் மேல் முனையிலிருந்து வெட்டுகிறான், புலிவாய்க்காரன் ஏரி முனையிலிருந்து வெட்டுகிறான். மார்க் வேண்டுமே! அத்திமேட்டுத் துரியோதனன் முப்பது அடி என்று காலையில் சேதி வந்தால், சாயங்காலம் புலிவாய்த் துரியோதனன் நாற்பது அடி ஆகிவிடுவான். அப்புறம் அத்திமேட்டானுக்குத் தலை பெரிதாகும். அப்புறம் புலிவாயானுக்குத் தொப்பை வரும். வெளியூரில் வேலைக்குப் போன பையன்கள் எல்லாம் லீவு போட்டு வந்து மண் சுமக்கிறான்கள். இருபது வருஷமாகத் தாசில்தார் சொல்லி நகராத ஜனம் தம்பி!

என் ஒத்திகைக்கு ஆள் இல்லை. அஞ்சலாட்சிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல்.

"எங்கேயம்மா இருக்கிறீர்கள்? ஒத்திகைக்கு மேளம் வேண்டாமா?"

"சாரே, அங்க உன் அசுரன் ஒண்டியா நிக்கறான். இங்க ரெண்டு ஊரும் மண்ணு வெட்டுது. நான் எங்க சார் மேளம் அடிக்கறது?"

பொறுக்கமுடியாமல் நேரில் போனேன். போனால், ஐயோ, முள்மரத்தை எல்லாம் வேரோடு பிடுங்கிக் குவித்திருக்கிறார்கள். பசுமைக்காக நாம் பாடுபடுகிறோம், இவர்கள் பச்சை மரத்தை வெட்டுகிறார்கள்! கால்வாய்க் கரையில் நின்று அங்கேயே கண்டன உரை ஆற்றினேன். "மரங்களை வெட்டாதீர்!" என்றேன். ஒரு பெண்மணி சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "சார், உனக்கு ஆசையா இருந்தா ரெண்டு கன்னு வேரோட தரோம், வூட்டு வாசல்ல நட்டுக்க" என்றாள். சீமைக்கருவேலத்தை!

பிறகு இரண்டு ஊரும் வெட்டிக்கொண்டே வந்து, கால்வாய் நடுவில் முட்டிக்கொண்டன. நடுவில் ஒரு மேடு வண்டல். அது யாருக்கு? மண்வெட்டியை ஓங்கிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அடித்துக்கொண்டு என் நாடகத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த டில்லிபாபு மேட்டின் உச்சியில் ஏறி நின்றான். கட்டியங்காரக் குரலில் ஆரம்பித்தான்:

"இதோ பாருங்க! ரெண்டு ஊருக்கு ரெண்டு துரியோதனன்னா, தொண்ணூத்தொன்பது தம்பிக்கு அண்ணன் யாரு? ஒரே துரியோதனன். தலை அத்திமேடு, கால் புலிவாய்."

"அப்ப தொடை?" என்று ஒருவன் கேட்டான்.

ஓங்கிய மண்வெட்டி எல்லாம் கீழே இறங்கிவிட்டது தம்பி. ராஜவேலு வாத்தியார் மெதுவாகக் கன்னியப்பன் வாத்தியார் பக்கம் திரும்பினார். சுவர் எதுவும் இல்லை, நேராகத்தான் பேசியாக வேண்டும்.

"வாத்தியாரே, ரெண்டு தொடையிலயும் பானை வச்சிடலாம்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் கன்னியப்பன். "அன்னிக்கே நெனச்சிருக்கணும்."

அப்படி ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். எனக்கு எதிராக.

அவ்வளவு பெரிய உருவத்தைப் படுக்கவைக்க எந்த ஊரிலும் இடம் இல்லை. அத்திமேட்டில் வைத்தால் புலிவாய் வராது, புலிவாயில் வைத்தால் அத்திமேடு வராது. இரண்டு ஊருக்கும் பொது எது? ஏரிக்கரை. இரண்டு உருவத்தின் மண்ணையும் அங்கே கொண்டுபோய் ஒரே ஆளாகப் படுக்கவைத்தார்கள். கரையோடு கரையாக, நீளவாக்கில். தொடை சரியாக அந்த உடைப்பில் வந்து விழுந்தது. உடைப்பு ஆழம். தொடை மெலிந்திருந்தால் பீமனுக்கு மரியாதையா? கொட்டு, கொட்டு என்று கொட்டினார்கள். ஒவ்வொரு வரிசை மண்ணுக்கும் தண்ணீர் தெளித்து, அஞ்சலாட்சி மேளம் அடிக்க, ஊரே வரிசையாக நின்று மிதித்தது. அந்தம்மா அடியை மாற்றினால் இவர்கள் காலை மாற்றுகிறார்கள். எனக்கு வர வேண்டிய கூட்டம், எனக்கு வர வேண்டிய தாளம்! எல்லாம் ஒரு தொடைக்குள்ளே போய்விட்டது.

பார்வையாளர்கள் வருகிற நாள் வந்தது. நான் சோர்ந்துவிடவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். குளிர்சாதனப் பந்தல், வருகிறவர்கள் சென்னைக்காரர்கள் அல்லவா? பசுமை ஜெனரேட்டர் ஓடுகிறது. 'ஃப்ளெக்ஸ் பேனரை ஒழிப்போம்' என்று பெரிதாக ஒரு பேனர். ஆமாம், ஃப்ளெக்ஸில்தான். துணியில் எழுதினால் சீக்கிரம் அழிந்துவிடும். இவ்வளவு முக்கியமான செய்தி நிலைத்து நிற்க வேண்டாமா? நடிக்க ஆள் இல்லாததால் கரியாசுரன் வேஷத்தை நானே கட்டிக்கொண்டேன். உடம்பெல்லாம் கரி. தலையில் புகைக்கூண்டு வைத்த கிரீடம்.

இரண்டு பேர் வந்தார்கள். கதர்ப் புடவை கட்டிய ஓர் அம்மையார், காமிராவோடு ஒரு தம்பி. முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் மட்டும்தான் ஆள். நான் செய்யுளை ஆரம்பித்து விழுக்காடு வரைக்கும் வந்தேன். தூரத்தில் பெரிய மேளம் கேட்டது. அம்மையார் கழுத்தைத் திருப்பினார். காமிராத் தம்பி எழுந்தார். அடுத்த விழுக்காடு சொல்லி நிமிர்ந்தால், நாற்காலி காலி.

கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கரி வியர்வையில் ஒழுகுகிறது. ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தால், கரை முழுவதும் ஒரு துரியோதனன். இந்தக் கண்ணால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. தலையைப் பார்த்தால் கால் தெரியாது. அதுவாவது போகட்டும். அந்த முகம் தம்பி! என் முகம். என் மீசை. என் கண்ணாடி. என் மூக்கு. தோளில் மண்ணாலேயே பொன்னாடை.

பீமன் பாய்ந்து வந்து ஒரு தொடையில் போட்டான். ரத்தம். கூட்டம் கத்தியது. அடுத்த தொடையிலும் போட்டான். ரத்தம். இரண்டு ஊரும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறது, சிரிக்கிறது. திரௌபதி கூந்தலை முடித்தாள். அந்த நேரம் பார்த்து டில்லிபாபு என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

"வரம் குடுத்தவரே வந்துட்டாரு! வழி விடுங்க!"

அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். கதர்ப் புடவை அம்மையாரே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"செயலாளர், இது உங்கள் கூட்டமைப்பு ஏற்பாடுதானே?"

"இல்லை அம்மா. இதற்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

"மண்ணுக்கு மதிப்பெண் என்று நீங்கள்தான் விதி போட்டீர்கள் என்று சொல்கிறார்களே?"

"அது அலங்காரத்துக்குப் போட்ட விதி. இது ஒழுங்கீனம். நடவடிக்கை எடுக்கப்போகிறேன்."

கன்னியப்பன் வாத்தியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "சார், ஆமான்னு சொல்லு சார். நீ மார்க்குன்னு சொன்னதாலதான் நாங்க எறங்கினோம். ரெண்டு ஊர் சார்பாவும் சொல்றேன், இது உன்னுதுதான். சொல்லேன் சார்." கருணை! எனக்கு! கையை உதறிவிட்டேன்.

அம்மையார் இன்னொரு தடவையும் கேட்டார். "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். உங்களுடையது இல்லை என்றே எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். எனக்குக் கொள்கை முக்கியம்.

பதவி வேறு மாவட்டத்துக்காரருக்குப் போனது. மூங்கில் பல்துலக்கியை வைத்துப் பொம்மலாட்டம் நடத்தினாராம். பொம்மைகள் எல்லாம் பல் துலக்குமாம். மின்சாரக் காரில் போகிறார், பார்த்தேன். பாதி வழியில் நின்றுபோய் நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மனத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எனக்கு நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம். 'நீர்நிலைகளைக் காக்கக் கலையால் முடியுமா?' முடியும் என்றுதான் பேசப்போகிறேன். ஆனால் எடுத்துக்காட்டு கேட்பார்களே தம்பி, அதற்கு என்ன செய்வது? நானும் எங்கள் வட்டாரம் முழுவதும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஓர் எடுத்துக்காட்டுகூட அகப்படவில்லை.

ஏன் வண்டி நிற்கிறது? கூட்டமாக எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்கிறார்களே. அதோ, நடத்துநர் கத்துகிறார், கேளுங்கள்.

"செயலாளர் கரை! செயலாளர் கரை எறங்கறவங்க எறங்கு! ரோட்டு மேல கலங்கல் போவுது, தண்ணி வடியறவரைக்கும் டிரைவரு வண்டி எடுக்க மாட்டாரு. பாக்கறவங்க பாத்துட்டு வாங்கப்பா!"

கேட்டீர்களா? இதைச் சொல்ல விட்டுவிட்டேன். நிறுத்தத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் கால்வாயில் தண்ணீர் வந்து ஏரி நிரம்பிவிட்டதாம், உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழியாக ரோட்டில் ஓடுகிறதாம். கரை எங்கும் கசியவில்லையாம். அந்தத் தொடைப் பக்கம் புல் முளைத்து ஆடு மேய்கிறதாம். அதற்கு என் பெயரா? இந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. "எப்படி சார் எடுக்கறது, பேர எடுத்தா கரை நிக்குமா?" என்கிறார்கள். என்ன பேச்சு இது?

பாருங்கள், ஓட்டுநரும் இறங்கிவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். என்ன இருக்கிறது அங்கே பார்க்க? தண்ணீர்தானே? எனக்கு ஈரக்காற்று ஆகாது. நான் உட்கார்ந்து பேச்சுக்குக் குறிப்பு யோசிக்கிறேன்.

தம்பி? நீங்களுமா? சரி, போங்கள். பையை வைத்துவிட்டுப் போங்கள், இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி, ஒன்று. கரை மேல் ஏறுவீர்கள், எல்லாரும் ஏறுகிறார்கள். ஏறினால் அத்திமேட்டுப் பக்கம் போகும்போது பார்த்துப் போங்கள். மீசை போன மழையிலேயே கரைந்துவிட்டது. கண்ணாடியை ஆடு மிதித்துவிட்டது. மூக்கு மட்டும்தான் இன்னும் இருக்கிறது. அதன் மேல் கால் வைத்துவிடாதீர்கள். அதுவும் போய்விட்டால், அது நான் என்று யாருக்குத் தெரியும்?